குழாயைக் கீழே இறக்கிய பரமேசக்கா

பரமேசக்கா காலமாகிவிட்டார் என்று அவருடைய மகள் தர்ஷினி டிரெஸ்டன் மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது நான் நம்பவில்லை. அதற்குத் தகுந்த காரணம் இருந்தது. எங்கள் சிறு நகரத்தின் எந்தச் செய்தியையும், பிறப்போ, இறப்போ, விவாகரத்தோ, கோழி இறைச்சியின் விலைக்கழிவோ, பரமேசக்கா வாயால் அன்றி வேறு எவர் வாயாலும் நான் முதலில் கேட்டதில்லை. அவர் சொல்லாமல் வந்த முதல் செய்தி இது. "வடிவா விசாரிச்சனியோ பிள்ளை?" என்று முட்டாள்தனமாகக் கேட்டேன். "ஓம் மாமா, நான் பக்கத்திலதான் நிண்டனான்" என்றாள். தொலைபேசியை வைத்தேன். உடனே இந்தச் செய்தியைச் சொல்வதற்காகப் பரமேசக்காவின் இலக்கத்தைத் தேடி எடுத்தேன்.

அவரை அறியாதவர் எவரும் ஜேர்மனியின் கிழக்கு மூலையான இந்த லவுசிட்ஸ் பகுதியில் இருக்க முடியாது என்றாலும், முறைக்காகச் சில வார்த்தை. எங்கள் பேருந்து நிலையத்தில் நின்று பரமேசக்கா "தம்பி!" என்று கூப்பிட்டால் போலந்து எல்லைக்கு அப்பால் நிற்கிற தம்பிமாரும் திரும்பிப் பார்ப்பார்கள். மூச்சு வாங்குவதற்காக அவர் பேச்சை நிறுத்தியதாக வரலாற்றில் பதிவில்லை. முதியவர்களை வீடு வீடாகச் சென்று பராமரிப்பது அவர் வேலை. சின்னக் காரொன்றில் கிராமம் கிராமமாகப் போய், குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, அரசாங்கத்து வம்பு முதல் அடுத்த வீட்டு வம்பு வரை பரிமாறிவிட்டு வருவார். "மருந்து அரைவாசி, கதை அரைவாசி" என்பது அவருடைய வைத்திய சாத்திரம்.

அந்தக் கிராமங்களில் ஒன்று சோர்பியர்களுடையது. ஜேர்மானியர் வந்து சேர்வதற்கு முன்பே இந்த மண்ணில் குடியிருந்த சிறிய இனம் அது. தங்களுக்கென்று ஒரு மொழி, தெருப்பலகைகளில் அதற்கென்று ஒரு வரி. அங்கே ஹங்கா அம்மா என்ற முதியவர் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த குளிர்காலம் முழுவதும் பரமேசக்காதான் பார்த்தார். அவர் எழுந்து நடந்தபோது இருவரும் சினேகிதிகளாகியிருந்தார்கள். அந்த நாட்களில் ஒருமுறை பரமேசக்கா என்னிடம் சொன்னார்: "தம்பி, நாங்கள் ஊரை விட்டிட்டு மொழியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தம். இவை ஊரை விடேல்லை. மொழிதான் இவையை விட்டிட்டு ஓடப் பாக்குது." சொல்லிவிட்டு, மிக அபூர்வமாக, அடுத்த வசனத்துக்குப் போகாமல் கார்க் கதவைச் சாத்தினார்.

பிறகு நகரசபைத் தேர்தலில் நின்றார். ஒரே ஒரு வாக்குறுதி: "குழியை மூடுவன்." நகரத்தின் ஓரத் தெருக்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீட்டுக்கு வீடு மலக்குழி இருந்தது. நிரம்பினால் லொறி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். எங்கள் சந்திரனின் உணவகத்துக் குழியோ ஒவ்வொரு கோடையிலும், சரியாகக் கலியாணப் பந்தி நடக்கும் நேரம் பார்த்து, உலகத்தை அழிக்க வந்த பிரளயம் போலப் பொங்கும். எல்லாக் குழிகளையும் மூடி, சுற்றுவட்டாரத்துக் கழிவு முழுவதையும் ஒரே சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் நெடுங்காலமாக வரைபடத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்புவேன் என்றார் பரமேசக்கா. சந்திரன் தெருத் தெருவாக வடை சுட்டுக் கொடுத்து வாக்குச் சேர்த்தான். அவர் வென்றார். மலக்குழியின் பேரால் சிம்மாசனம் ஏறிய முதல் யாழ்ப்பாணத்துப் பெண்மணி இவரே என்று நான் அன்று கதிரையில் ஏறி நின்று முழங்கினேன். எவரும் மறுக்கவில்லை.

சிக்கல் குழாயின் வாயில் இருந்தது. சுத்திகரித்த நீரைச் சோர்பியக் கிராமத்து ஆற்றில், அந்த ஊருக்கு மேற்பக்கமாக விடுவதென்று வரைபடம் சொன்னது. அந்தக் கிராமத்தை நகரத்தோடு இணைத்த காலத்தில் நகரசபை ஓர் உடன்படிக்கை எழுதிக் கொடுத்திருந்தது: ஆற்றைத் தொடுகிற எந்தக் காரியத்தையும் ஊரைக் கூட்டிக் கேட்டுத்தான் செய்வோம் என்று. இந்த முறை எவரும் கேட்கவில்லை. தீயணைப்புப் படையின் மண்டபத்தில் திட்டத்தை விளக்கக் கூட்டம் வைத்தார்கள். ஈஸ்டர் விடியலில் தங்கள் பெண்கள் நீர் மொள்வது அந்த ஆற்றில் என்று சோர்பியர்கள் சொன்னார்கள். திட்டத்தை வரைந்த பொறியியலாளர் வேபர் நல்ல மனிதர். குழாயிலிருந்து வரும் நீர் ஆற்று நீருக்குச் சற்றும் குறையாது என்று பொறுமையாக விளக்கினார். "வருடத்தில் ஒரு காலைக்காகவா இவ்வளவும்?" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். பரமேசக்கா வேபரின் கட்சி. "சுத்தமான தண்ணிதானே தம்பி, பிறகென்ன?" என்று என் காதுக்குள் சொன்னார். அதாவது, மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

கூட்டம் கலைந்தபோது ஹங்கா அம்மா வந்து அவர் கையைப் பிடித்தார். வாதம் எதுவும் செய்யவில்லை. "இந்த ஈஸ்டருக்கு நீயும் எங்களோடு வா" என்றார்.

அந்த வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். சூரியன் எழுமுன் குடத்தோடு புறப்பட்டு, ஆற்றில் மொண்டு, வீடு சேரும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது. அப்படி வந்த நீர் ஆண்டு முழுவதும் கெடாது, நோய்க்கு மருந்து. பேசிவிட்டால் அது வெறும் அலட்டல் நீர், வாயாடிக் கெடுத்த தண்ணீர். அந்த ஊரில் இன்னும் கடுமை: வரிசையில் ஒருத்தி வாய் திறந்தாலும் எல்லோரும் ஊற்றிவிட வேண்டும். இந்த நிபந்தனை தெரியவந்தபோது நம்மவர்கள் சிரித்த சிரிப்பில் டிரெஸ்டன் வரை யன்னல்கள் அதிர்ந்தன. "பரமேசக்கா பேசாமலோ? அண்ணை, ஆறு வேணுமெண்டா மேல்நோக்கி ஓடும்" என்றான் சந்திரன்.

அவர் பேசாமல்தான் போனார். பேசாமல் மொண்டார். திரும்பும் வழியில் பாதித் தூரமும் கடந்துவிட்டார். அப்போதுதான் நாயோடு நடக்க வந்த வேபர் எதிர்ப்பட்டு, தொப்பியைத் தூக்கி, "குட்டன் மோர்கன்" என்றார். வணக்கம் சொன்னவருக்குப் பதில் சொல்லாமல் போவது எங்கள் தாய்மார் தலையில் குட்டித் திருத்திய குற்றம். "குட்டன் மோர்கன்!" என்றார் பரமேசக்கா. அதோடு நின்றாரா? வேபரின் மனைவிக்கு முழங்கால் வலி எப்படி என்றும் விசாரித்தார்.

வரிசை நின்றது. யாரும் ஏசவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் குடத்தைப் புல்லில் சாய்த்தார்கள். ஹங்கா அம்மா கொண்டுவந்த நீர் படுக்கையில் கிடந்த தங்கைக்கு. ஒவ்வோர் ஆண்டும் அதில்தான் அவர் கண் கழுவுவார். அந்தக் குடமும் சாய்ந்தது. "அவ என்னை வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தா எனக்கு ஆறியிருக்கும் தம்பி. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டெல்லோ நடந்தா" என்று பரமேசக்கா சொல்லும்போதெல்லாம் குரல் இறங்கிவிடும்.

அடுத்த நகரசபை அமர்வில் அவர் ஆற்றிய உரைதான் அவர் வாழ்நாளிலேயே மிகச் சிறியது. பார்வையாளர் பகுதியில் நான் இருந்தேன். பேசியது ஜேர்மனில். பிற்காலத்தில் எனக்கு ஏழாயிரம் தடவை திருப்பிச் சொன்ன தமிழிலேயே தருகிறேன்.

"நான் வாய் திறக்க முந்தியும் பிறகும் என்ர குடத்தில இருந்தது ஒரே தண்ணிதான். வேபர் சோதிச்சுப் பாத்தாலும் அப்பிடித்தான் சொல்லுவார். எண்டாலும் அவை ஊத்திப்போட்டினம். எது நல்ல தண்ணி எண்டு நான் அவைக்குச் சொல்ல ஏலாது. நாங்கள் எழுதிக் குடுத்ததில 'சுத்தமாய் விடுவம்' எண்டு இல்லை. 'கேட்டுச் செய்வம்' எண்டு இருக்கு. கேட்டனாங்களோ?"

அமர்ந்துவிட்டார். முதலில் வாய் திறந்தவர் வேபர். "இல்லை" என்றார். "கேட்கவில்லை."

பிறகு ஊர் கூடியது. அவர்கள் தங்கள் மொழியில் பேச, மொழிபெயர்ப்பு முடியும்வரை நகரபிதா கைகட்டிக் காத்திருந்தார். குழாய் வாய் ஊருக்குக் கீழே, ஆலைப் பாலத்துக்கு அப்பால் இறங்கியது. குழாய் நீண்டது, வேலையும் நீண்டது. சந்திரனின் குழி மேலும் சில கலியாணங்களில் கலந்துகொண்டது. உணவகத்தில் வைத்தே அவன் வெடித்தான்: "அக்கா, எங்கட குழியை மூடத்தானே உங்களுக்கு வோட்டுப் போட்டனாங்கள்? நீங்கள் அவையின்ர ஆத்தைக் காவல் காக்கிறியள்!"

பரமேசக்கா தேநீரைக் கீழே வைத்தார். "சந்திரன், குழி நிரம்பினா லொறி வந்து உறிஞ்சும். குடுத்த சொல்லு நாறினா எந்த லொறியைக் கூப்பிடுவாய்?"

பதில் நன்றாகத்தான் இருந்தது. வாக்குகள்தான் வரவில்லை. அடுத்த தேர்தலில் தோற்றார். நம்மவர்களிலேயே பலர் அவருக்குப் போடவில்லை என்பதை இதை வாசிப்பவர்கள் அறிவார்கள். "வருத்தமோ அக்கா?" என்று கேட்டேன். "பின்னை இல்லையோ? அந்தக் கதிரை நல்ல சொகுசு, சுத்திச் சுழலும்" என்றார். பிறகு, "தோத்தது நான். உடன்படிக்கை தோக்கேல்லை" என்றார். அடுத்த ஈஸ்டருக்கு ஹங்கா அம்மா மறுபடியும் அழைத்தார். தூரத்தில் வரிசையைக் கண்டதுமே வேபர் நாயை இழுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கி ஓடினாராம். அந்த ஆண்டு நீர் வீடு சேர்ந்தது.

காலமான முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு ஓடும் நீர் வேண்டும். "விடியப் போய்ப் பூவைப் போட்டிட்டு வருவம், ஆருக்குத் தெரியப்போகுது?" என்று உறவினர் ஒருவர் சொன்னார். தர்ஷினி அதற்கு இணங்கவில்லை. ஹங்கா அம்மாவிடம் போனாள். அவர் ஊரைக் கூட்டினார். பதில் வந்தது: நீர் மொள்ளும் இடத்தில் வேண்டாம், பாலத்துக்குக் கீழே செய்யுங்கள், நாங்களும் வருகிறோம். பாலத்துக்குக் கீழே என்றால் குழாய் வாயின் பக்கம். ஆகவே, மூவுலகிலும் கழிவுநீர்க் குழாயருகே அந்தியேட்டி கண்ட ஒரே மாதரசி எங்கள் பரமேசக்காதான். இதை எந்தப் பேரரசியும் அவரிடமிருந்து பறிக்க முடியாது. குழாயிலிருந்து நீர் தெளிவாகத்தான் வந்தது. வேபர் பொய் சொல்லியிருக்கவில்லை. அவரும் வந்திருந்தார்.

சோர்பியப் பெண்கள் கரையில் கறுப்புடையில் நின்றார்கள். ஒவ்வொருவராகப் பூப் போட்டோம். சந்திரனின் முறை வந்தது. இரண்டு கை நிறையப் பூவோடு நீர் விளிம்பில் குனிந்தவன், போடாமல் நிமிர்ந்தான். ஊரே கூடி அனுமதித்த இடம்தான். அவனுக்கு முன் நாங்கள் எல்லோரும் போட்டாயிற்று. என்றாலும் திரும்பி, ஹங்கா அம்மாவைப் பார்த்து, தன் அரைகுறை ஜேர்மனில் கேட்டான்: "நான் போடலாமா?"

பரமேசக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்திருப்பது அந்தக் கேள்வியைத்தான். ஹங்கா அம்மா தலையசைத்தார். சந்திரன் பூவைப் போட்டான்.