பெரிய சகலையின் காது

என் வீட்டுக்காரருக்குப் பொறாமை என்று வெளியாள் யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அதைச் சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்: அவருக்குப் பொறாமை. கொஞ்ச நஞ்சமில்லை, வயிற்றுக்குள் அடுப்பு மூட்டி வைத்த பொறாமை. எனக்கும் உண்டு. ஆனால் என்னுடையதில் நியாயம் இருக்கிறது.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது ரேடியோ செய்யும் ஒரு சின்ன கம்பெனியில். கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓர் அச்சகத்தின் மேல்மாடியில் நீளமான ஒரு கூடம், ஓரத்தில் முதலாளியின் கண்ணாடி அறை, அவ்வளவுதான். கீழே இயந்திரம் ஓடினால் மேலே எங்கள் டீ கிளாஸ் நடுங்கும்.

எங்கள் ரேடியோக்களுக்கு வெளியே நீட்டுகிற கம்பி கிடையாது. ஏரியல் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பென்சில் தடிமனில் ஒரு கறுப்புத் தண்டு, அதன் மேல் மெல்லிய செம்புக் கம்பிச் சுற்று. அந்தச் சுற்றுதான் என் வேலை. காற்றில் வரும் ஸ்டேஷனை அந்தத் தண்டு பிடித்துக் கொடுக்கும். வசதிதான், ஆனால் வம்பும் அதிலேயேதான். பெட்டிக்குள் வேறு எந்தப் பாகம் முணுமுணுத்தாலும் தண்டு அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இரண்டு குடும்பம் இருப்பது மாதிரி. கீழே ஒரு கிண்ணம் விழுந்தால், போட்டது யார் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். எங்கள் வீடே அப்படித்தான். மேல்மாடியில் நாங்கள், கீழே என் தங்கையும் அவள் புருஷனும்.

என் வீட்டுக்காரர் இங்கே பெட்டி தூக்கும் ஆளாக வந்தவர். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு பித்தளைப் பூண். பல வருஷத்துக்கு முன் ஒரு மாடல் செய்தார்கள். செய்த பெட்டியெல்லாம் செவிடு. ஒரு ஸ்டேஷனும் வரவில்லை. முதலாளியிலிருந்து கூட்டுகிறவர் வரை தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து காதை வைத்துக் கேட்டார், உள்ளே உற்றுப் பார்த்தார், வெட்டும் குறடை எடுத்தார், தண்டைப் பிடித்திருந்த பூணை ஒரு இடத்தில் வெட்டினார். உடனே பெட்டி வாய் திறந்து பேசியது. தண்டைச் சுற்றி உலோகம் முழு வளையமாக மூடக் கூடாது. மூடினால் தண்டுக்கு வர வேண்டியதையெல்லாம் அந்த வளையமே தின்றுவிடும். அன்றிலிருந்து அவருக்குத் ‘தங்கக்காது’ என்று பட்டப்பெயர். இந்தக் கதையை விருந்துக்கு வருகிறவர்களிடம்கூட அவர் விடமாட்டார். நான் தட்டு வைப்பதற்குள் பூணை வெட்டி முடித்திருப்பார்.

பிறகுதான் என் தங்கை புருஷன் வந்தார். அவர் வேலை பார்த்த போன் ரிப்பேர் கடையை மூடிவிட்டார்கள். தங்கை என்னிடம் அழுதாள், நான் வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன், அவர் முதலாளியிடம் பேசினார். அதற்கு இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். கூடத்தில் எல்லாரும் இவரைப் பெரிய சகலை என்றும் அவரைச் சின்ன சகலை என்றும் கூப்பிட ஆரம்பித்தார்கள். தங்கக்காது என்ற பேர் மெல்ல மெல்லக் காணாமல் போனது. அங்கே ஆரம்பித்தது எரிச்சல்.

சின்ன சகலை கெட்டவர் இல்லை. அதுதான் பிரச்சினையே. சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்வார். யார் பெட்டியில் சிக்கல் வந்தாலும் எழுந்து போய்ப் பார்ப்பார். முதலாளி அவர் ஜோக்குக்குச் சிரிப்பார். என் வீட்டுக்காரர் ஜோக் சொன்னால் முதலாளி, “சரி, வேலையைப் பாருங்க” என்பார். போதாக்குறைக்குச் சின்ன சகலைக்கு ஜன்னல் ஓர மேஜை. என் தங்கைக்கும் சின்ன வயதிலிருந்தே பஸ்ஸில் ஜன்னல் ஓரம்தான். சில பேருக்கு அப்படி ஒரு ராசி.

இந்த நிலைமையில்தான் புது மாடல் வந்தது. முகப்பில் எண்கள் பச்சையாக ஒளிரும். பார்க்க அழகுதான், ஆனால் எண்கள் எரிய ஆரம்பித்ததும் ‘ர்ர்ர்’ என்று ஒரு இரைச்சல். பக்கத்து ஸ்டேஷன்கள் அதைத் தாண்டி வந்தன. தூரத்து ஸ்டேஷன்கள் அதற்குள்ளேயே மூழ்கின. விளக்கை அணைத்தால் இரைச்சல் நின்றுவிடும். பெட்டி தனக்குத்தானே எதிரி.

வெளியூரில் பல கடைகள் வைத்திருக்கும் ஓர் அம்மா வந்து பார்த்து வாங்குவதாக ஏற்பாடு. முதலாளி கூடத்தின் நடுவில் நின்று சொன்னார்.

“அந்தம்மா வர்றதுக்குள்ள இந்தச் சத்தத்தை யார் அடக்குறாங்களோ, அவங்கதான் இனிமே இந்தக் கூடத்துக்குப் பொறுப்பு.”

பொறுப்பு என்றால் ஒரு நாற்காலி. கண்ணாடி அறைக்குப் பக்கத்தில், கை வைத்த சுழல் நாற்காலி. அதில் இருந்தவர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து காலியாகவே கிடந்தது. யாரும் இல்லாத நேரத்தில் என் வீட்டுக்காரர் அதைத் துணியால் துடைத்து வைப்பார். துடைப்பதை நான் பார்த்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. அந்த நாற்காலியை விட்டால் அவருக்கு வேறு கனவு கிடையாது.

வேலையை ஆரம்பித்தார். தண்டை எண் முகப்பிலிருந்து தள்ளி, பெட்டியின் மறு மூலைக்குக் கொண்டு போனார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தண்டை இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பி, இரைச்சல் குறைகிற இடத்தில் நிறுத்தினார். முகப்புக்குப் போகும் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினார். ‘ர்ர்ர்’ குறைந்து கொசுச் சத்தம் ஆனது. ஆனால் கொசு சாகவில்லை.

ஜன்னல் பக்கமிருந்து சீட்டிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. “ரொம்பக் குஷியாத்தான் இருக்கான். முடிச்சிட்டான் போல” என்று அவர் பல்லைக் கடித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். “முதலாளி அவர் மேஜைக்கு ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டார்” என்றேன். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

மறுநாள் சின்ன சகலை டீ குடிக்கக் கீழே இறங்கிய நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தப் போகிறவர் மாதிரி போனார். வெயிலில் ஜன்னலை எதற்குச் சாத்த வேண்டும்? திறந்து கிடந்த பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து குனிந்தார்.

“தண்டு மேல செம்புத் தகடு சுத்தி எர்த்துல சேத்திருக்கான். யோசனை பரவாயில்ல. ஆனா வேலையைப் பாரு. தகட்டோட ரெண்டு ஓரமும் சேரவே இல்ல. நடுவுல ஒரு அரிசி நுழையற அளவுக்குத் திறந்து கிடக்கு.”

“அவருக்கு எந்த வேலை நேரா வந்திருக்கு?” என்றேன். அதைக் கேட்டு அவருக்கு மனசு குளிர்ந்தது.

அன்று சாயங்காலம் வரை அவர் மேஜையை விட்டு எழவில்லை. மெல்லிய செம்புத் தகட்டை வெட்டி, நான் சுற்றிய சுற்றின் மேல் காகிதம் வைத்து, அதன் மேல் தகட்டைச் சுருக்கமில்லாமல் சுற்றி, இரண்டு ஓரத்தையும் ஒன்றின் மேல் ஒன்று படியவைத்து, ஈயம் வைத்து நெடுக மூடினார். ஒட்டு இருக்கிற இடமே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான கைவேலை. நானே ஆசையாகத் தடவிப் பார்த்தேன்.

எங்கள் கூடத்தின் மூலையில் ஒரு வலைக்கூண்டு உண்டு. சுற்றிலும் கம்பி வலை. வெளியிலிருந்து எந்த ஸ்டேஷனும் அதற்குள் நுழையாது. பெட்டியை அதற்குள் வைத்துக் கேட்டால், கேட்பதெல்லாம் பெட்டியின் சொந்தச் சத்தம்தான். அது முதல் சோதனை. அதில் தேறினால் இரண்டாவது சோதனை: ஜன்னல் பக்கம் கொண்டு போய்த் தூரத்து ஸ்டேஷன் வருகிறதா என்று பார்ப்பது. இரண்டும் முடிந்தால்தான் முடிந்தது. இதைப் புதிதாக வருகிற எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்பவரே என் வீட்டுக்காரர்தான்.

கூண்டுக்குள் போனார். ஹெட்போனை மாட்டினார். வெளியே வந்தபோது அப்படி ஒரு பூரிப்பு. “ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. கல்லு மாதிரி இருக்கு.”

ஜன்னலுக்கு மட்டும் அவர் போகவில்லை. ஜன்னல் என்றால் சின்ன சகலையின் மேஜை. அங்கே போனால், “என்னண்ணா, முடிஞ்சுதா? காட்டுங்க பாப்போம்” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க இவருக்குப் பிடிக்கவில்லை. பெட்டியை நேரே முதலாளியிடம் கொண்டு போய்க் கொடுத்தார். முதலாளி கூண்டில் வைத்துக் கேட்டார். சின்ன சகலையின் பெட்டியையும் கேட்டார். அதில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் லேசாக ஒரு மூச்சு இருந்தது. இவருடையதில் அதுவும் இல்லை.

“பெரியவர் தேத்திட்டார்னா தேறினதுதான்” என்றார் முதலாளி. நான் என் தங்கையை நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் குதித்தேன் என்றே சொல்ல வேண்டும்.

கடைக்கார அம்மா வந்தார். கையில் குடை, நெற்றியில் மூக்குக்கண்ணாடி, அதிகம் பேசாதவர். என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில், காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். அந்த அம்மா பெட்டியை ஜன்னல் ஓரம் வைத்து, விசையைப் போட்டு, குமிழைத் திருப்பினார்.

“ரொம்ப அமைதியா இருக்கே” என்றார்.

முதலாளி சிரித்தார். அந்த அம்மா மேலும் திருப்பினார். பச்சை எண்கள் ஓடின. ஒன்றும் வரவில்லை. கடைசி வரை திருப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து திருப்பினார். உள்ளூர் ஸ்டேஷன் வர வேண்டிய இடத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முனகுவது போல ஒரு குரல் வந்து போனது.

“இதுல பாட்டு வருமா, இல்ல அலமாரியில வைக்க மட்டுமா?” என்றார்.

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது காதிலேயே தெரிந்தது. இரண்டு காதும் சிவந்து போயிருந்தன. பித்தளைப் பூணை வெட்டிப் பேர் வாங்கினவர், தன் கையாலேயே அதே பூணைச் செம்பில் செய்து, ஈயம் வைத்து மூடியிருக்கிறார்.

சின்ன சகலை எழுந்து வந்தார். பெட்டியின் முதுகைத் திறந்தார், பிளேடால் ஒட்டின் மேல் மெல்ல ஒரு கோடு இழுத்தார், தகட்டின் ஓரத்தைச் சற்றே விலக்கினார். ஒரு பெண்ணின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. இரைச்சல் இல்லை. கடைக்கார அம்மா குமிழைத் திருப்பத் திருப்ப ஸ்டேஷன் ஸ்டேஷனாக வந்தது.

என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் மட்டும் கேட்கும்படி சின்ன சகலை சொன்னார்: “நான் சேர்ந்த அன்னைக்கு நீங்க சொன்னதுதானேண்ணா. முழு வளையமா மூடக் கூடாதுன்னு.”

பிறகு முதலாளி பக்கம் திரும்பிச் சத்தமாக, “அண்ணா மேல தப்பில்ல சார். கடைசியில ஒரு கோடு வெட்டிடுன்னு என்கிட்டதான் சொல்லியிருந்தார். நான்தான் மறந்துட்டேன்” என்றார்.

முழுப் பொய். அதையும் சிரித்த முகத்தோடு சொன்னார். கடைக்கார அம்மா தலையாட்டினார். முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்பறம் என்ன? நாற்காலி பெரியவருக்குத்தான். வந்து உட்காருங்க” என்று அதை இழுத்துப் போட்டார்.

என் வீட்டுக்காரர் நாற்காலியைப் பார்த்தார். சின்ன சகலையைப் பார்த்தார். அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். ‘உட்காருங்க, உட்காருங்க’ என்று நான் மனசுக்குள் மன்றாடினேன்.

“இல்ல சார்” என்றார். “அவர் எதையும் மறக்கல. மூடினது நான். வெளியில வச்சு சோதிக்காததும் நான். தகடு சுத்தற யோசனைகூட அவரோடதுதான். அவர் பெட்டியைப் பாத்துதான் செஞ்சேன்.”

பிறகு முதலாளி வந்து அவர் தோளைப் பிடித்தார். “இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா?” என்றார். கடைக்கார அம்மா குடையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார், எல்லாரும் தட்டினார்கள். சாலிடர் வைக்கும் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலி சின்ன சகலைக்குப் போனது.

நேர்மையாம். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அவரோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். வீட்டுக்கு நடந்து வரும்போது வழியில் அவர் வாய் திறந்தது ஒரே ஒரு தடவைதான்.

“அவன் போடற பிச்சையில நான் உட்காரணுமா?”

அவ்வளவுதான் அவருடைய நேர்மை. அந்த நாற்காலிக்காக எதையும் செய்திருப்பார். அவன் தயவில் உட்காருவதை மட்டும் அவரால் செய்ய முடியவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அதைவிடப் பெரிய கோபம் அந்தச் சிரிப்பு மேல் வந்தது. ஒருத்தன் நம்மைத் தோற்கடிக்கட்டும், தாங்கிக்கொள்ளலாம். தோற்கடித்துவிட்டுக் கைகொடுத்துத் தூக்கியும் விட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

பொழுது சாய்ந்தது. சின்ன சகலை புது மாடல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். கீழே ஜன்னலைத் திறந்து வைத்து ரேடியோவைப் போட்டார்கள். ஏதோ தூரத்து ஸ்டேஷன். ஒரு பெண் மழை நிலவரம் வாசித்தாள். எங்கள் பழைய பெட்டிகளில் ஒரு நாளும் பிடிபடாத ஸ்டேஷன் அது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது.

“அக்கா, கேக்குதா? எவ்ளோ தெளிவா இருக்கு பாத்தியா?” என்று என் தங்கை கீழேயிருந்து கூப்பிட்டாள்.

“எனக்கு அடுப்புல வேலை இருக்கு” என்றேன்.

என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல், தலையைச் சாய்த்து, ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெட்டிகளைச் சோதிக்கும்போது உட்காருவாரே, அதே உட்கார்வு. வெகு நேரம் கழித்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அடியில லேசா ஒரு ர்ர்ர் இருக்கு. உனக்குக் கேக்குதா?”

நான் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு ஜன்னலுக்குப் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மழை நிலவரம் முடிந்து பாட்டு ஆரம்பித்திருந்தது. அதில் ஒரு தூசி கிடையாது.

“ஆமாங்க” என்றேன். “நல்லாவே கேக்குது.”

அவர் தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.