ஸ்டெல்லா மேடம் கேட்ட கேள்வி

ஸ்டெல்லா மேடம் காலமான செய்தி எங்கள் வேதியியல் துறையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் ஆய்வகத்தில் இருந்தேன். அடுத்த நிமிடமே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. உயிரோடு இருந்தபோது அவருடைய காலை வணக்கத்துக்குக்கூடப் பதில் போடாதவர்களின் கைகள். என்னுடையதும் அதில் ஒன்று.

போத்தனூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருவார். எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில். முதுகலை மாணவர்கள் வேதிப் பிணைப்பை உண்மையில் என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஓயாத யோசனை. ஒரு நாள் மாணவர்களுக்கும் ஆசிரியர்களான எங்களுக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பெயர் எழுத வேண்டாம் என்றார். கேள்வி ஒன்றுதான்: பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவருமா, செலவாகுமா?

‘வெளிவரும்’ என்று எழுதினேன். பிணைப்புக்குள் ஆற்றலை அடைத்து வைத்திருப்பதாகப் பள்ளியில் மனதில் பதிந்தது, முனைவர் பட்டம் வாங்கியும் போகவில்லை. உடைக்கத்தான் ஆற்றல் வேண்டும். பிணைப்பு உருவாகும்போதுதான் அது வெளிவரும்.

மறுநாள் என் தாளை மடித்து மேசையில் வைத்தார். “உங்க கையெழுத்து எனக்குத் தெரியுமுங்க சார். நீங்களே வெச்சுக்கங்க. நானும் வேலைக்கு வந்த புதுசுல இப்படியேதான் சொல்லிக் குடுத்துப்போட்டேனுங்க” என்றார்.

அந்த ஆண்டு மேடம் நடத்திய வாய்மொழித் தேர்வில், தங்கப் பதக்கம் இவளுக்குத்தான் என்று நாங்கள் கொண்டாடிய மாணவி, எலக்ட்ரான்களின் ஆர்பிட்டால் படத்தை அச்சடித்ததுபோல் வரைந்தாள்.

“படம் நல்லா இருக்குது அம்மணி. இப்ப இந்தப் பிணைப்பை உடைச்சா என்ன ஆகும்?”

“எனர்ஜி வெளிய வருமுங்க மேடம்.”

“எப்படி?”

அவள் மறுபடியும் படத்தையே காட்டினாள். மதிப்பெண் குறைந்தது, பதக்கம் போனது. அவளுடைய அப்பா நிர்வாகத்துக்கு வேண்டியவர்.

மேடம் மீது மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு போட்டார்கள். நானும் ஒருவன். “நான் கேட்டது தப்புங்களா சார்?” என்று மேடம் என்னைப் பார்த்துக் கேட்டார். கல்லூரி முதல்வரும் என்னைத்தான் பார்த்தார். “பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்குதுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு, அவர்மேல் தப்பு என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். என் தாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் அங்கேயே போயிருக்கும். “சரிங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

முதுகலை வகுப்புகளை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். கடைசிவரை முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஆய்வகத்தில் பியூரெட் குழாய் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதை மட்டும் நிறுத்தவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரங்கல் கூட்டத்தில் அதே முதல்வர், “மாணவர்களைச் சிந்திக்க வைத்தவர்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து தலையாட்டினேன்.

இதைப் படிக்கும், அவரை அறிந்த உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். அவர் கேட்டதில் தப்பில்லை. அதற்குத் தப்பாகப் பதில் எழுதியவனே அவருக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டான். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு தாள்தான். என் விடையை அவர் அடிக்கவில்லை. கீழே பென்சிலில் ‘எப்படி?’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். விசாரணை நடந்த அன்று அது என் சட்டைப் பையில்தான் இருந்தது.