கீபோர்டுக்கு அடியில் ஒரு பட்டன்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காஞ்சிபுரம் திரும்பும் பேருந்தில் இருந்தபோதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. வெப் டெவலப்பராக நான் சேர்ந்த முதல் வேலை அன்றோடு முடிந்தது என்று எழுதியிருந்தார்கள். திரும்பவும் படித்தேன். எதுவுமே தோன்றவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட்டில் கம்பெனி யூனிஃபார்மில் இருந்த அக்கா என் தோளைத் தட்டினார்.

"தம்பி, எங்கம்மாவுக்கு கண்ணு ஆஸ்பத்திரியில அப்பாயின்ட்மென்ட் போடணும்பா. பேரெல்லாம் அடிச்சிட்டேன். அதுக்கப்புறம் இன்னா பண்றதுன்னே தெரியல. அப்போலருந்து பாத்துக்கினு இருக்கேன்."

அவர் போனில் இருந்தது நான் செய்த பக்கம். ஆபீசில் பெரிய திரையில்தான் அதைப் பார்த்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் கையில் அன்றுதான் பார்த்தேன். அந்தச் சின்ன போனில் கீபோர்டு மேலே வந்து 'பதிவு செய்' பட்டனை மறைத்துக்கொண்டிருந்தது.

"கீபோர்டை மூடுங்கக்கா. அடியில இருக்குது."

மூடிவிட்டு அழுத்தினார். பதிவாகிவிட்டது.

"அப்பாடா! ஒனக்கு எப்டிப்பா தெரிஞ்சுது?"

நான் செய்ததுதான் என்று சொல்ல வாய் வரவில்லை. "சில போன்ல அப்படித்தான்க்கா" என்றேன்.

காஞ்சிபுரத்தில் இறங்கியதும் அவர் தாமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். காலையில் ஆபீஸ் போனதும் முதல் வேலையாக அந்தப் பட்டனைச் சரிசெய்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

பேருந்து நிலைய வாசலைத் தாண்டும்போதுதான் எனக்கு வேலை போய்விட்டது என்பது உறைத்தது.