பன்னிரண்டு மணிக்கு மேல் நேராகும் கோடுகள்

சூடான காகிதத்துக்கு ஒரு வாசனை உண்டு. பிரிண்டரின் வாயிலிருந்து நழுவி விழும் தாளை உடனே எடுத்து முகத்தருகே கொண்டுபோனால்தான் தெரியும். கருகலும் இல்லை, மையும் இல்லை. இஸ்திரிப் பெட்டி அப்போதுதான் தாண்டிப்போன வேட்டியின் வாசனை. இந்த டிசம்பரிலும் தி.நகர் மாடியறையில் அந்த வாசனையோடு முதல் ஃபாரம், பதினாறு பக்கம், என் மேஜைக்கு வந்தது. மணி பத்தே கால். சிவப்புப் பேனாவைத் திறந்தேன். மூன்றாவது வரியில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. 'க' எழுதி அதன் தலையில் புள்ளி வைத்தேன். வைத்த இடத்தில் புள்ளி உட்கார்ந்தது.

நான்கு வருடங்கள் ஆகின்றன. இன்னமும் ஒரு கணம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் புள்ளியைப் பார்க்கிறேன். சமுத்திரத்தைப் பார்க்க ஊரிலிருந்து வருகிறவர்கள் பெசன்ட் நகரில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்களே, அப்படி.

மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. கவிதையும் எழுதுகிறேன், வரி மடிக்காத உரைநடைக் கவிதை. அதை வாசித்தவர்கள் எல்லோரையும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். ஆனால் மற்றவர்கள் எழுதிய புத்தகங்களில் நான் வைத்த ஒற்றுகள் நாடு முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. நான் குடியிருக்கும் மயிலாப்பூரில் டிசம்பர் என்றால் கச்சேரி. எங்கள் மாடியறையில் டிசம்பர் என்றால் ஜனவரிப் புத்தகக் காட்சி. பத்து மாதம் தூங்கிய எழுத்தாளர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் விழித்துக்கொள்வார்கள். பதிப்பாளர் போன் செய்வார்: "எந்த ஃபாரம் ஆச்சு? எந்த ஃபாரம் நிக்குது?" கீழே எவர்சில்வர் கடையில் குடம் குடமாக இறக்குவார்கள். அந்தச் சத்தத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு நாங்கள் இரண்டு பேர் வேலை பார்ப்போம். நானும், கணினியில் பக்கம் அமைக்கிற அந்தப் பெண்மணியும்.

அவருக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. ராயப்பேட்டைப் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம். வீட்டில் உருது, என்னிடம் மெட்ராஸ் தமிழ். நான் தாளின் ஓரத்தில் போடும் கோட்டையும் சுழியையும் பார்த்துத்தான் அவர் கணினியில் திருத்த வேண்டும். பதினோரு வருடமாக என் கையெழுத்தை அவர் அளவுக்கு வாசித்தவர்கள் யாருமில்லை. என்னைக் கட்டிக்கொண்டவள்கூட.

இப்போது என் ஒழுக்கத்தைச் சொல்ல வேண்டும். வீட்டில் பாட்டில் வைப்பதில்லை என்பது என் ஒழுக்கம். அதைச் சொல்லிச் சொல்லியே நான் குடிகாரன் இல்லை என்று எனக்கு நானே பலமுறை தீர்ப்பெழுதியிருக்கிறேன். மதுக்கடை திறப்பது பன்னிரண்டு மணிக்கு. பதினொன்றரையிலிருந்து உடம்பு காதைத் தீட்டிக்கொள்ளும். பன்னிரண்டு அடித்ததும், "ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேம்மா" என்று படியிறங்குவேன். திரும்பும்போது வாயில் இரண்டு ஏலக்காய். மாலையில் மறுபடியும் டீ. அது கொஞ்சம் நீளமான டீ. கோடை காலங்களில் மாலை மட்டும் என்று இருந்தது, சீசன் வேகத்தில் பகலுக்கும் வந்து, வந்த இடத்திலேயே தங்கிவிட்டது.

நான்கு வருடங்களுக்கு முன், டிசம்பர் நடுவில் ஒருநாள் காலை. நான் படியேறி வந்தபோது அவர் கணினியைத் திறக்கவில்லை. தரையில் பாய் விரித்த மாதிரி தாள்களைப் பரப்பி வைத்திருந்தார். மூன்று வார மெய்ப்புகள், எல்லாம் என் சிவப்பு மை. அவற்றின் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா இது, கடை பரப்பிட்டீங்க?" என்றேன்.

"உக்காருங்க சார். ஒண்ணு காட்டணும்."

ஒவ்வொரு ஃபாரத்தையும் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் தலைப்பில் மணி எழுதுவது என் வழக்கம். யாரும் கேட்டதில்லை, வேகம் தெரியட்டும் என்று நானே பழகிக்கொண்டது. அவர் தாள்களை அந்த மணிப்படி அடுக்கியிருந்தார். இடப்பக்கம் பத்து, பத்தரை, பதினொன்று. வலப்பக்கம் பன்னிரண்டே கால், ஒன்று, இரண்டு.

"இது உங்க காலைக் கை. இது உங்க மத்தியானக் கை. ரெண்டும் ஒரே ஆளு கை மாதிரி கீதான்னு சொல்லுங்க."

பார்த்தேன். இடப்பக்கச் சுழிகள் நண்டு ஓடிய மணல்போல் இருந்தன. வலப்பக்கக் கோடுகள் அளவுகோல் வைத்துப் போட்டவை.

"ஃபேன் காத்துல..."

"ஃபேன் அடிச்சா தாளு பறக்கும் சார். கோடு எதுக்கு ஆடுது?"

அவர் இரண்டு தாள்களை எடுத்து என் மடியில் வைத்தார்.

"இன்னொரு கூத்து பாருங்க. ஆடுற பக்கத்துல ஒரு தப்பு விடல நீங்க. நேரா கீற பக்கத்துலதான் எல்லாம் ஓட்டை. இத படிங்க."

படித்தேன். 'விடிந்ததும் குழந்தையைக் குளிப்பாட்டிப் பல்லிக்கு அனுப்பிவிட்டு அவள் சமையலறைக்குள் நுழைந்தாள்.' அளவெடுத்த கோடுகளுக்கு நடுவே, பள்ளிக்கூடம் பல்லியாகி, என் கண்ணெதிரே சுகமாக ஊர்ந்து போயிருந்தது.

"பல்லி பாவம் சார். அந்தக் கொழந்தைய வெச்சிக்கினு அது இன்னா பண்ணும்?"

இருவரும் சிரித்தோம். மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பு. மெய் என்றால் புள்ளி வைத்த எழுத்து. முப்பது வருடமாக மெய்ப்புப் பார்க்கிறவனின் மெய்யை ஒருத்தி மூன்று வாரம் ஓசையில்லாமல் மெய்ப்புப் பார்த்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. என் கவிதைகளுக்குக்கூட அப்படியொரு வாசிப்பு கிடைத்ததில்லை. மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதினால் மிகை என்று நானே அடித்திருப்பேன். ஆனால் அதுதான் நடந்தது.

"எங்க அண்ணன் இப்டிதான் சார்," என்றார், தாள்களைத் திரட்டிக்கொண்டே. "ஒரு ரம்ஜானுக்கு, இனிமே தொடமாட்டேன்னு தானா நிறுத்திட்டாரு. வீட்ல எல்லாருக்கும் சந்தோசம். மூணாம் நாள் பாத்ரூம்ல வலிப்பு வந்து, தலைல அடி. அப்பதான் டாக்டரம்மா சொன்னாங்க, ரொம்ப நாள் குடிச்ச ஒடம்பு திடீர்னு தானா நிறுத்தக்கூடாதாம். அவங்க பாத்துதான் நிறுத்தணுமாம். அடையாறுல கீறாங்க. இன்னிக்கி போலாம்."

"இன்னிக்கா? வேலை கிடக்குதே. புத்தகக் காட்சி முடியட்டும்மா."

"அப்பறம்?"

"பொங்கல் போகட்டும்."

"அதுக்கு அப்பறம் பரீட்சைக்கு கைடு புக்கு வரும். அது வரட்டும், இது போகட்டும். எல்லாத்துக்கும் ஒரு 'ட்டும்' வெச்சிக்கினு கீறீங்க சார்."

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "சரி, எழுதுங்க. 'முடியட்டும்'. அழகா எழுதிட்டீங்கன்னா நான் வாயத் தொறக்கல."

மணி பத்தே முக்கால். ஆறு எழுத்து, இரண்டு புள்ளி. வலது மணிக்கட்டை இடது கையால் அழுத்திக்கொண்டு எழுதினேன். எழுத்துகள் எப்படியோ நின்றுவிட்டன. முதல் புள்ளியை 'ட'வின் தலைக்குக் கொண்டுபோனேன். அது 'ய'வின் தலையில் விழுந்தது. இரண்டாவது புள்ளி 'ம'வைத் தாண்டி வெட்டவெளியில் விழுந்தது. அவர் தாளைத் திருப்பி, பக்கம் அமைக்கிறவர்கள் வாசிக்கும் விதத்தில், இருப்பதை இருக்கிறபடி வாசித்தார்.

"முடிய்டடும. இப்டி ஒரு வார்த்த கீதா சார் தமிழ்ல?"

இந்தத் தடவை நான் மட்டும் சிரித்தேன். சிரிக்கத் தொடங்கியது எங்கே அழுகையாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. அவர் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார், ஜன்னலைச் சாத்தினார், திரட்டிய மெய்ப்புகளோடு முடிக்காத ஃபாரங்களையும் சேர்த்துக் கட்டி என் கையில் கொடுத்தார். "வாங்க. ஆட்டோல போய்க்கினே பேசலாம்."

பேசவில்லை. ஆட்டோ ஏறியதுமே அவருடைய அம்மா போனில் வந்துவிட்டார். எனக்கு உருது தெரியாது. சிலிண்டர் என்ற சொல் மட்டும் நாலைந்து முறை காதில் விழுந்தது. தெருவில் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆட்டோ ஊர்ந்து ஊர்ந்து போய், பாலத்துக்கு முந்திய சிக்னலில் நின்றபோது பன்னிரண்டு ஆகியிருந்தது. எனக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. எதிர்ச் சாரியில் ஒரு மதுக்கடை. ஷட்டருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர், யாரும் யாரோடும் பேசாமல். ஷட்டர் கரகரவென்று மேலே போனது. ஆட்டோவுக்குக் கதவில்லை. ஒரு காலை எடுத்து வெளியே வைத்தால் போதும். என் கால் அதை எனக்கு முன்பே யோசித்துவிட்டிருந்தது.

அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. என் காலைப் பார்த்தாரா என்று இன்றுவரை தெரியாது. "தாளு பறக்கப்போவுது சார், கெட்டியா புடிச்சிக்குங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிலிண்டருக்குத் திரும்பினார்.

பிடித்துக்கொண்டேன், இரண்டு கையாலும். மடியில் கட்டுத்தாள்கள் என் நடுக்கத்தில் சலசலத்தன, காற்றில் அரசிலை பேசுவதுபோல. பதினாறு பக்கம், முப்பத்திரண்டு பக்கம், யாரோ ஒருத்தி குளிப்பாட்டிய குழந்தை, நான் இன்னும் பார்க்காத அத்தனை பிழைகள். ஏழெட்டுப் பேர் இருந்த வரிசையில் என் இடம் காலியாக இருந்தது. அதை இங்கிருந்து, வெளியே நின்று, முதல்முறையாகப் பார்த்தேன். சிக்னலில் பச்சை விழுந்தது. ஆட்டோ பாலத்தில் ஏறியது. அடையாற்றுத் தண்ணீரின் மேல் அந்த நாற்றத்தையும் பொருட்படுத்தாமல் பட்டப்பகல் வெயில் தகதகத்தது, அப்படியொரு தகதகப்பு. இருபது வருடமாக அந்தப் பாலத்தில் போய்வந்திருக்கிறேன். பகல் பன்னிரண்டுக்கு ஆறு இப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

டாக்டரம்மா சின்ன உருவம், பெரிய மூக்குக்கண்ணாடி. எவ்வளவு குடிக்கிறேன் என்று கேட்டார். எல்லோரிடமும் சொல்லும் கணக்கு நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் மடியில் அந்தத் தாள்கள் இருந்தன, மணியோடு. உண்மையான அளவைச் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறை. கூரை இடிந்து விழவில்லை. அவர் அதை ரத்த அழுத்தம் எழுதுவதுபோல் எழுதிக்கொண்டார்.

"கடைசியா எப்போ?"

"நேத்து சாயங்காலம்."

"அஞ்சாறு நாள் இங்க இருங்க. நடுக்கத்துக்கு மருந்து தர்றோம், ராத்திரியில பக்கத்துல ஆள் இருப்பாங்க. அதுக்கப்புறம் வாராவாரம் வந்து பேசணும். அதுதான் பெரிய வேலை. இது சின்ன வேலை."

மனைவிக்குப் போன் செய்தேன். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் இடைவேளை; பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். சேர்கிறேன் என்றேன், எதற்கு என்றும் சொன்னேன். நான் எதற்கெல்லாமோ தயாராக இருந்தேன்.

"எத்தனை நாளைக்குச் சட்டை கொண்டு வரணும்?" என்றாள்.

அந்தக் கேள்வியை நான் பிறகு பலநாள் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். அதில் திருத்த ஓர் எழுத்துகூட இல்லை.

பிறகு வந்த நாள்கள் நீளமானவை. நடுவில் ஒரு தடவை வழுக்கியும் இருக்கிறேன், திரும்பப் போய் டாக்டரம்மா முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதையும் சொல்லியிருக்கிறேன். அவற்றை இன்னொரு சமயம் யோசித்துக்கொள்வேன். சூடான காகிதம் எனக்குக் கொண்டுவருவது அந்த மதியத்தை, வார்டுக்குப் போகும் கண்ணாடிக் கதவை, அதன் முன்னால் நின்ற என்னையும் பக்கம் அமைக்கிற அந்தப் பெண்மணியையும்.

என்னிடமிருந்து தாள்கட்டை வாங்கிக்கொண்டார். அவர் அறைக்குத் திரும்ப வேண்டும். பதிப்பாளரின் அழைப்புகள் அவர் போனில் துடித்துக்கொண்டிருந்தன.

"நாளைக்கு மொழிபெயர்ப்பு நாவல்ல கடைசி மூணு ஃபாரம் வருமேம்மா," என்றேன்.

"வரட்டும்."

"யார் பாப்பாங்க?"

"நான் பாக்கறேன். பல்லிய எல்லாம் புடிச்சி வெளிய உட்டுர்றேன்."

கதவைத் தள்ளப் போனேன். அவர் கையை நீட்டினார். நீட்டிய கை என் சட்டைப்பையைக் காட்டியது. அங்கே சிவப்புப் பேனா குத்தியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன், இருவர் விரலுக்கும் நடுவில் அது ஒரு நொடி ஆடியது, அப்புறம் அவர் கைக்குப் போனதும் நின்றது.

"பேனா எங்கிட்ட இருக்கட்டும்," என்றார். "நீங்க உள்ள போங்க சார்."