ஒரு உலகம் பிரியம்

இன்று காலை திருச்சி ஜங்ஷனில் இத்தாலிய யுத்தக் கைதிகளின் ரயில் நின்றது. பாதிரியார் ஒருவரிடம் அந்த பாஷை கற்றவன் என்று என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள்.

வழியில் காய்ச்சலில் கிடந்து தேறிய கைதி ஒருவன், தன்னைக் கவனித்துக்கொண்ட வெள்ளைக்கார நர்ஸிடம் விடைபெற வேண்டும் என்றான். அவள் இங்கேயே இறங்குகிறாள்.

"உன்மேல் எனக்கு ஒரு உலகம் பிரியம். உனக்கு ஒரு மூட்டை முத்தம்" என்றான். அவர்கள் ஊரில் சாதாரணமாகவே இப்படித்தான் பிரியத்தை அளப்பார்கள்.

நாமும்தான் 'கொள்ளைப் பிரியம்' என்கிறோம். ஆனால் என்னிடம் இருப்பதெல்லாம் ஆபீஸ் இங்கிலீஷ். பிளாட்பாரத்தில் கூட்டம் வேறு.

"தங்களுக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறானாம்" என்று சொல்லிவைத்தேன்.

அவள் முகம் வாடிவிட்டது. "என் கடமையைத்தான் செய்தேன் என்று சொல்லுங்கள்" என்றாள்.

அதை மட்டும் அட்சரம் பிசகாமல் அவனிடம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ரயில் கிளம்பிவிட்டது.

ஸ்ரீரங்கம் திரும்பியதும் மனைவியிடம் சொன்னேன்.

"ஏன்னா, அவன் சொன்னதை அப்படியே சொல்லப்படாதோ?"

"நாலு பேர் முன்னாடியா?"

"அவன் நாலு பேர் முன்னாடிதானே சொன்னான்?" என்றவள், உள்ளே போகும்போது, "நீங்க யாரும் இல்லாதப்போகூட சொன்னதில்லையே" என்றாள்.

கொள்ளைப் பிரியத்துக்கு இங்கிலீஷில் என்னவென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ரயில் போனது போனதுதான். தமிழில் எப்படிச் சொல்வதென்று தெரிந்தாலும் சொல்லுங்கள், அவசரம்.