விரல் மரத்தவனின் தீட்டுக்கல்

ஹோட்டலில் இறைச்சி வெட்டுகிற அவனைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். நின்ற இடத்தில் நிற்க மாட்டான். ஒருநாள் எலும்பில் கத்தி முட்டி, பிடியிலிருந்து வழுக்கிய கை அலகின் மேல் போனது. காயம் ஆறிவிட்டது. ஆனால் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்தே கிடந்தன. உணர்வு திரும்பும்வரை வேலைக்குப் போகாதே என்றார் டாக்டர்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. குழாயை இறுக்கினான்; இறுக்கியதைத் தளர்த்தினான். மனைவி வீட்டிலேயே தைத்துக்கொடுப்பவள்.

"குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தாதீங்க. எனக்குத் தையல் கோணுது."

தையல் மெஷின் ஆடாமலிருக்க ஒரு காலுக்கடியில் கறுத்த கல் ஒன்று கிடந்தது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனது. குனிந்து பார்த்தவன் சட்டென்று அதை உருவினான். மெஷின் சாய்ந்தது.

"தைச்சிட்டிருக்கேன்ல?"

"நடுவுல குழிஞ்சிருக்கு பாரு. யாரோ வருஷக்கணக்கா கத்தி தீட்டின கல்லு."

வெந்நீரில் சோப்பைக் கரைத்து ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்தெடுத்தான். சாம்பல் நிறத்தில் வளைந்த வரிகள் தெரிந்தன. ஆலையில் செய்த கல்லில் அப்படி வரி ஓடாது. வினிகர் ஒரு சொட்டு விட்டான்; நுரைக்கவில்லை. அப்படியென்றால் சுண்ணாம்புக்கல்லும் இல்லை, பளிங்கும் இல்லை. எவ்வளவு நயம் என்று பார்க்க விரலை வைத்தான். ஒன்றுமே தெரியவில்லை.

"இடது கையால பாருங்களேன்."

"அதுக்கென்ன தெரியும்? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?"

அவளே தடவிப் பார்த்தாள். "இந்தப் பக்கம் காடாத் துணி. திருப்புங்க. இது சாட்டின். ஓரத்துல மட்டும் இழை பிரிஞ்ச மாதிரி இருக்கு. மெதுவா."

கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் விட்டுக் கல்லைத் தேய்த்தான். குழி மறைய வேண்டும் என்ற அவசரத்தில் அழுத்தினான். அவள் சொன்ன ஓரம் பொட்டென்று உடைந்து விழுந்தது.

பல நாளைக்குப் பிறகு அவன் அசையாமல் உட்கார்ந்தான்.

"விரல் திரும்ப வராது போலிருக்கு," என்றான்.

அவள் உடைந்த துண்டை ஒதுக்கிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"வராட்டிப் போகுது. மிச்சக் கல்லு கெட்டியாத்தான் இருக்கு. நீங்க தேய்ங்க, நான் தொட்டுச் சொல்றேன்."

கல் சமமானது. சமையலறைக் கத்தியை அதில் தீட்டித் தக்காளிமேல் வைத்தான். அழுத்தாமலே தோல் பிளந்தது. அவன் உடனே எழுந்து வீட்டிலுள்ள எல்லாக் கத்திகளையும் தேட ஆரம்பித்தான்.

நடுவிரலுக்கு உணர்வு திரும்பியது. ஆள்காட்டி விரலுக்குத் திரும்பவேயில்லை. பிடியை மாற்றிப் பழகிக்கொண்டு வேலைக்குப் போனான். கத்திகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து தீட்டுவான். தீட்டியதை அவளிடம் நீட்டுவான்.

"பிசிறு நிக்குது," என்பாள்.

"அதெல்லாம் இல்ல," என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கல்லுக்குப் போவான்.