பாறை விளிம்பில் நின்றுபோன புள்ளிகள்

ஸ்வீட்டி பிறவியிலேயே பயந்தவள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதிப் படி இறங்கியபின் திரும்பி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தாராவியில் வளர்ந்து, பூகோளம் படித்து, கணினியில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டு, செம்பூரில் ஒரு சுற்றுச்சூழல் ஆலோசனை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அம்மா ஏஞ்சலம்மாளோடு சுனாபட்டியில் குடியிருந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் கையில் இருந்தது கழுகு வேலை. சாத்தாரா பக்கத்து மலைமேட்டில் ஒரு நிறுவனம் காற்றாலைகள் நிறுத்தப் போகிறது. பக்கத்திலேயே காடு என்பதால், கழுகுகள் எங்கே கூடு கட்டுகின்றன, எந்த வழியாகப் பறக்கின்றன என்று காட்டும் வரைபடம் வந்தால்தான் அனுமதி என்று வனத்துறை சொல்லிவிட்டது. காற்றாலைக்காரனுக்கு வேண்டிய அதே மலைக்காற்றுதான் ராஜாளிக் கழுகுக்கும் வேண்டும். இரையைத் தேடிக் கீழே பார்த்துக்கொண்டே பறக்கிற பறவைக்கு எதிரே சுழலும் இறக்கை கண்ணில் படாது. அதனால் கூடு இருக்கும் இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட வேண்டும். அதற்குள் காற்றாலை கூடாது.

அனுமதி வாங்கி ஒரு பெண் ராஜாளியின் முதுகில் சின்னக் கருவி ஒன்றைக் கட்டி விட்டிருந்தார்கள். பழைய ரகம். பறவை இருக்கும் இடத்தைச் சொல்லும். உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. மலை முழுக்கக் கோலப்புள்ளி மாதிரி சிதறிக் கிடந்த அதன் புள்ளிகள், பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரே பாறை விளிம்பில் வந்து குவிந்தன. அடுத்த நாளும் அங்கேயே. அதற்கடுத்த நாளும்.

ஸ்வீட்டி அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். செத்துக் கிடந்தாலும் புள்ளி இப்படித்தான் நிற்கும். முட்டைமேல் உட்கார்ந்திருந்தாலும் இப்படித்தான் நிற்கும்.

மேலாளர் மகாதேவன் மாட்டுங்காக்காரர். கெட்டவரல்ல, அவசரக்காரர். திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "கருவி கழண்டு விழுந்திருக்கும், இல்லேன்னா பாவம் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த இடத்தை விட்டுடும்மா. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போயாகணும்" என்றார்.

"அங்க கூடு இருந்தா, சார்? அந்தப் பாறையை ஒட்டித்தான் அவங்க காற்றாலை வரிசையே வருது."

"இருக்கலாம். நான் இல்லேன்னு சொல்லலையே. ஆனா யார் பார்த்தா?"

அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரு பதில்தான் இருந்தது. ஜமால். அலுவலகத்துக்காக மலையில் கிடந்து பறவை பார்க்கிறவன். தாராவியில் அவள் வீட்டுச் சந்திலேயே வளர்ந்தவன். முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்தான். கூப்பிட்டாள்.

"இப்பந்தான வந்தேன். துணிகூட இன்னும் காயல" என்று சிரித்தான். பிறகு, "அந்தப் பாறையா? மேல இருந்து தெரியாது, பக்கத்துல சரிவுல இறங்கித்தான் பாக்கணும். சரி, போய்ட்டு வாரேன். நீ டென்ஷன் எடுக்காத" என்றான்.

புதன்கிழமை அதிகாலை பஸ் ஏறினான். மத்தியானம், 'மேலே ஏறப்போகிறேன்' என்று செய்தி அனுப்பினான். அதோடு சரி.

சாயங்காலம் அவன் மனைவி ஷைஸ்தா கூப்பிட்டாள். "அக்கா, அவிய போன் போக மாட்டேங்கு. ஒங்களுக்கு எதும் பேசினாவளா?"

"மலையில சிக்னல் இருக்காதும்மா. காலையில பேசிருவான்" என்றாள் ஸ்வீட்டி. போனை வைத்துவிட்டு நேரே போய் மகாதேவனிடம் சொன்னாள். அவர் முகம் மாறிவிட்டது. வனத்துறை ஆளைத் தேடிப் பிடித்து, இரண்டு காவலர்களை அந்தப் பக்கம் அனுப்பச் சொன்னார்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. "ஏட்டி, என்னத்த ரோசிச்சிக்கிட்டு இருக்க? ஆண்டவரு பாத்துக்கிடுவாரு" என்றாள் ஏஞ்சலம்மாள். விஷயத்தைக் கேட்டதும் அவளும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தோணியாரிடம் மன்றாடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

காலையில் ஷைஸ்தா மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை குரல் வேறாக இருந்தது. "நீங்க சொல்லித்தான போனாவ? ஒரு பறவைக்காவ எம்புருசன அனுப்பிச்சிட்டு நீங்க ஏசி ரூம்புல இருக்கீயளே!" அன்று ஸ்வீட்டி ஹார்பர் லைன் ரயிலில் செம்பூரில் இறங்க மறந்து, கோவண்டி போய்த் திரும்பி வந்தாள். திரையைத் திறந்தால் கழுகின் புள்ளி அதே இடத்தில் நின்றது. ஜமாலுக்குத்தான் புள்ளி இல்லை.

நண்பகலில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"ஸ்வீட்டி, ஒக்காந்திருக்கு."

"ஜமால்! எங்கல இருக்க? என்னாச்சு?"

"கூட்டுலதாம்மா ஒக்காந்திருக்கு. எந்திரிச்சு முட்டைய அலகால திருப்பி வச்சிட்டு மறுபடியும் ஒக்காந்தத எங்கண்ணால பாத்தேன். போட்டோ இருக்கு."

"ஒனக்கு என்னாச்சுன்னு கேக்கேன்!"

சரிவில் கால் வழுக்கி முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. போன் பள்ளத்தில் போய்விட்டது. ஆடு மேய்க்கிறவர்கள் சத்தம் கேட்டு வந்து, ராத்திரி தங்கள் குடிசையில் வைத்திருந்து, விடிந்ததும் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வழியில் வனக் காவலர்கள் எதிர்ப்பட்டு ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஸ்வீட்டி அங்கேயே நாற்காலியில் குனிந்து அழுதாள். பிறகு ஷைஸ்தாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். மறுமுனையிலும் அழுகைதான் கேட்டது.

அறிக்கை வெள்ளிக்கிழமை போகவில்லை. அடுத்த வாரம் போனது, சிவப்பு வட்டத்தோடு. நிறுவனத்துக்காரர்களின் கோபத்தை மகாதேவனே முன்னால் நின்று வாங்கிக்கொண்டார். வட்டத்துக்குள் வந்த காற்றாலைகள் எதிர்ப்பக்கத்து மேட்டுக்கு மாறின. ஓரத்தில் இருந்த ஒன்றை மட்டும் விடமாட்டோம் என்றார்கள். குஞ்சு வளரும் மாதங்களில் பகலில் அதை நிறுத்தி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வனத்துறை ஒப்புக்கொண்டது. வேனிலில் அந்தக் கூட்டிலிருந்து ஒரு குஞ்சு பறந்தது. நிறுவனம் அடுத்த வேலையை வேறு அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டது. வருஷா வருஷம் அந்தக் கூட்டைப் பார்த்துவரும் பொறுப்பை மட்டும் வனத்துறை இவர்களிடமே விட்டது.

ஜமாலின் காலுக்குள் கம்பி வைத்தார்கள். நடக்கிறான், சரிவில் இறங்க முடியாது. அலுவலகத்திலேயே அவனுக்கு வேலை கொடுத்தார் மகாதேவன். அவன் ஒரு நாளும் ஸ்வீட்டியைக் குறை சொன்னதில்லை. அதுவே அவளுக்குப் பெரிய பாரம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் தாராவிக்குப் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வருவாள். ஷைஸ்தா தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பல மாதம் அப்படியே போயிற்று.

மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு ஞாயிறு, ஷைஸ்தா உள்ளே போகாமல் நின்றாள். "இந்த வருசம் அங்க யாரு போறா?"

"சைஃப்னு புதுசா ஒருத்தரு சேந்திருக்காரு. நானும் கூடப் போறேன். இனி ஒருத்தர மட்டும் அனுப்ப மாட்டேன்."

"நீங்களா? மாடிப்படில இருந்து கீழ பாத்தாலே தல சுத்தும்பீங்களே."

"சுத்தத்தான் செய்யும். இருந்தாலும் போறேன்."

ஷைஸ்தா தண்ணீர் டம்ளரை அவள் கையில் கொடுத்தாள். "அப்பம் எறங்குன ஒடனே எனக்குப் போன் போடணும். அவியளுக்கு இல்ல, எனக்கு."

தை மாதம் ஸ்வீட்டி அந்த மேட்டில் நின்றாள். விளிம்புக்கு வெகுதூரம் தள்ளித்தான். இருந்தும் ஒரு கையால் சைஃபின் தோள்பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சைஃப் காட்டிய திசையில், இத்தனை நாள் புள்ளியாக மட்டுமே பார்த்திருந்த பறவை அகல இறக்கை விரித்து மிதந்தது. எதிர்மேட்டில் புதிய காற்றாலைகள் சுழன்றன. ராஜாளி அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் அது பாறைக்குத் திரும்பியதைப் பார்த்த பிறகே, போகலாம் என்றாள்.

ரோட்டுக்கு வந்ததும் சிக்னல் கிடைத்தது. முதல் மணியிலேயே ஷைஸ்தா எடுத்தாள்.

"எறங்கிட்டோம்மா. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ஷைஸ்தா. "மொதல்ல எதாவது சாப்பிடுங்க அக்கா. கொரலே சரியில்ல."